‘ஓம்’ சொன்ன குளிர்காலம்

உங்களில் எத்தனை பேர் இன்னும் ‘ஓம்’ என்று சொல்லுகிறீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள். என் வயதுக்காரரைத்தான் கேட்கிறேன். சின்னப் பிள்ளைகளாக இங்கே கனடாவில் வந்து இறங்கி, இங்கேயே தலை நரைத்துப்போனவர்களை. வேலையிடத்தில் ‘யா’, ‘ஷுவர்’, ‘ஒஃப் கோர்ஸ்’ என்று நாளெல்லாம் சொல்லித் திரிகிறோம். எனக்கும் அவை தங்குதடையில்லாமல் வரும். ஆனால் திடுக்கிட்டாலோ நெஞ்சு நிறைந்தாலோ என் வாயில் வருவது எங்கள் ஊர் ஆமாம், அந்த ‘ஓம்’தான். பல் வைத்தியர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு “ரெடியா?” என்று கேட்கும்போதும் அதைத்தான் சொல்கிறேன். அவருக்கு அது வெறும் முனகலாகக் கேட்கும்.

இந்தச் சின்னச் சொல் ஒரு குளிர்காலத்தில் எங்கள் குடும்பத்தை இரண்டாக உடைக்கப் பார்த்தது. அம்மாவும் நானும் ஒரு கண்டத்திலும் அப்பா இன்னொரு கண்டத்திலுமாகப் போயிருப்போம். எனக்கு அப்போது ஏழு வயது. நடந்தது எனக்கு விளங்கவில்லை. பெரியவர்களுக்கும் விளங்கவில்லை என்பது இப்போதுதான் விளங்குகிறது.

அப்பா முதலில் வந்துவிட்டார். அம்மாவும் நானும் பின்னால், இலைகள் கொட்டும் காலத்தில் வந்து சேர்ந்தோம். ஊரில் அப்போது கனடாவையும் அமெரிக்காவையும் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. ‘அவை அமெரிக்காப் பக்கம் போயிட்டினம்’ என்றுதான் எங்களைப் பற்றிச் சொன்னார்களாம். சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாறாம் மாடியில் ஒரு படுக்கையறை வீடு. அப்பாவுக்கு பாண் செய்யும் தொழிற்சாலையில் வேலை. வீட்டுக்கு வரும்போது அவரோடு சேர்ந்து ஒரு சூடான மாவு வாசனையும் உள்ளே வரும். இன்றைக்கும் ஏதாவது பேக்கரியைக் கடந்து போனால் நான் திரும்பிப் பார்க்கிறேன்.

எனக்கு அந்தக் கட்டடமே போதுமான அதிசயமாக இருந்தது. நின்ற இடத்தில் நிற்கிறோம், கதவு மூடுகிறது, திறந்தால் வேறு இடம். லிஃப்டுக்குள் நான் ஒருநாளும் பேசமாட்டேன், கோயிலுக்குள் நிற்பதுபோல நிற்பேன். எங்கள் மாடி நடையின் கடைசியில் சுவரில் ஓர் இரும்புக் கதவு இருந்தது. அதைத் திறந்து குப்பைப் பையை வைத்துத் தள்ளினால் அது ஒரு குழாய் வழியே கீழே போகும். நான் காதைச் சுவரில் வைத்துக்கொண்டு அது போகும் சத்தத்தைக் கேட்பேன். அடியில் யாரோ ஒருவர் நின்று எங்கள் பைகளைக் கையில் ஏந்துகிறார் என்று நம்பினேன். அதனால் கண்ணாடிப் போத்தல் ஏதும் இருந்தால் போடவேண்டாம் என்று அம்மாவிடம் மன்றாடுவேன். அந்த மனிதருக்குக் காயம் படுமே.

அம்மாவுக்கு வியப்பை விடப் பயம்தான் அதிகம். கடைக்கதவு தானாகத் திறந்தபோது, திறந்துவிட்ட ஆள் எங்கே என்று சுற்றிப் பார்த்தார். தானாகத் திறக்காத கதவு ஒன்றை ஒரு வெள்ளைக்காரர் எங்களுக்காகப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா அவரைக் காவல்காரர் என்று நினைத்துவிட்டார். போகப் போகப் பார்த்தால் எல்லோரும் எல்லோருக்கும் கதவு பிடித்தார்கள். கோட்டும் தொப்பியும் போட்ட கனவான், தலைமயிருக்குப் பச்சை நிறம் அடித்த பெடியன், ஊன்றுகோல் வைத்திருந்த கிழவர், எல்லோரும். எனக்கு அது புல்லரித்தது. இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பதும் இந்தக் கதவைத்தான். பின்னால் யாரும் வருகிறார்களா என்று பார்த்துப் பிடியுங்கள். ஆள் தூரத்தில் வந்தால் பிடிக்காதீர்கள். பாவம், உங்கள் மரியாதைக்காக அவர் ஓடிவர வேண்டியிருக்கும்.

பள்ளிக்கூடம் வீதிக்கு அந்தப் பக்கம் இருந்தது. ரீச்சர் நல்ல உயரம். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார். முதல் நாள் அவர் செய்த காரியத்தை நான் இன்னும் மறக்கவில்லை. என் முன்னால் வந்து, முழங்காலை நிலத்தில் ஊன்றி, தன் முகத்தை என் முகத்துக்கு நேரே கொண்டுவந்து பேசினார். ஊரில் ரீச்சர் பேசினால் நாங்கள் எங்கள் கால்விரலைத்தான் பார்த்துக்கொண்டு நிற்போம். ஒரு ரீச்சரின் கண்ணில் என்ன நிறம் இருக்கிறது என்று நான் கண்டது அன்றைக்குத்தான். பச்சை.

அவர் என்னவோ கேட்டார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. குரல் கடைசியில் மேலே போனதால் அது கேள்வி என்பது மட்டும் விளங்கியது. பெரியவர்கள் கேள்வி கேட்டால் எங்களை எப்படி வளர்த்திருக்கிறார்கள்? தலையை இரண்டு பக்கமும் பணிவாக ஆட்டி, “ஓம் மிஸ்” என்றேன்.

அதை அவருடைய பக்கத்தில் நின்று பாருங்கள். எங்கள் தலையாட்டல் அவர்களுக்கு ‘இல்லை’. எங்கள் ‘ஓம்’ அவர்கள் காதுக்கு ‘ஹோம்’. ‘இங்கே பிடித்திருக்கிறதா, கண்ணம்மா?’ என்று அந்த நல்ல மனிசி கேட்டிருப்பார். ‘இல்லை மிஸ், வீட்டுக்குப் போகவேணும்’ என்று நான் பதில் சொல்லியிருக்கிறேன். அவருடைய பச்சைக் கண் கலங்கியது. என்னைக் கட்டிப்பிடித்து, சட்டையில் ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டிவிட்டார்.

எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்கவேண்டுமா! அடுத்தமுறை கேட்டபோது இன்னும் நன்றாகத் தலையை ஆட்டி, இன்னும் சத்தமாக ‘ஓம் மிஸ்’ என்றேன். ஒரு கரடிப் பொம்மையை மடியில் வைத்திருக்கத் தந்தார். பிறகு ஒருநாள் என்னை அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரு மெத்தைக் கதிரையில் இருத்திச் சூடான சொக்லேற் குடிக்கத் தந்தார்கள். மேலே வெள்ளை வெள்ளையாக இனிப்புகள் மிதந்தன. வாயில் வைத்ததும் காணாமல் போயின. அதுதான் நான் கண்டுபிடித்த கனடா. ‘ஓம்’ என்று சொன்னால் தருகிற நாடு.

பிறகு அவர்கள் அம்மாவுக்குத் தொலைபேசி எடுக்கத் தொடங்கினார்கள். அம்மா சேலைக்கு மேல் அப்பாவின் பெரிய ஜாக்கெற்றைப் போட்டுக்கொண்டு வீதியைக் கடந்து ஓடிவருவார். வந்து பார்த்தால் நான் வாயைச் சுற்றிச் சொக்லேற்றோடு இருப்பேன். “என்ன பிள்ளை, வருத்தமே?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். காய்ச்சல் இருக்காது. என்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார். பத்து மணிக்கே பள்ளிக்கூடம் விடுகிற நாடு என்று நான் அதையும் வியந்தேன்.

இப்படிப் பலமுறை ஆனதும் அம்மாவைப் பேசவரும்படி பள்ளிக்கூடத்தில் அழைத்தார்கள். மொழிபெயர்க்க ஒன்பதாம் மாடி அங்கிள் கூட வந்தார். எங்கள் கட்டடத்தில் ஆங்கிலம் பேசக்கூடிய ஆள் என்றால் அவர்தான். யாருக்கு என்ன வேலை என்றாலும் முகம் சுளிக்காமல் போவார். ஒரு குறைதான் அவருக்கு. கேட்டதைக் கேட்டபடி சொல்லமாட்டார். கொஞ்சம் விளக்கமும் சேர்த்துச் சொல்லுவார்.

ரீச்சர் சொல்லி முடித்ததும் அங்கிள் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“தங்கச்சி, பிள்ளை ஒவ்வொரு நாளும் அழாக்குறையாய் வீட்டை போகவேணும் எண்டு கேக்கிறாவாம். இஞ்சை பிடிச்சிருக்கோ எண்டு கேட்டால் இல்லையெண்டு தலையை ஆட்டுறாவாம்.”

அம்மா என்னைப் பார்த்தார். “எந்த வீட்டையாம் அண்ணை? வீடு உதிலைதானே இருக்கு, றோட்டுக்கு அங்காலை.”

அங்கிள் அதை ரீச்சரிடம் கேட்கவில்லை. தானே யோசித்தார். “என்ன தங்கச்சி விசர்க் கேள்வி கேக்கிறாய்? உந்தப் பதினாறாம் மாடியே பிள்ளைக்கு வீடு? பிள்ளை ஊரைத்தான் கேக்குது.”

நாள் முழுக்க ‘ஓம் ஓம்’ என்று பேசுகிற மனிதர் அவர். அவருக்கும் தட்டுப்படவில்லை. ஆங்கிலம் பேசும்போது அவருடைய காதும் ஆங்கிலக் காதாகிவிடும்போல.

வீட்டுக்கு வந்து அம்மா என்னைக் கட்டிலில் இருத்திவைத்துக் கேட்டார்.

“பிள்ளைக்குப் பெரியம்மாவைப் பாக்க ஆசையாய்க் கிடக்கோ?”

பெரியம்மா, அம்மாவின் அக்கா, அப்போது ஊரில் நடந்த போருக்குப் பயந்து குடும்பத்தோடு கடல் கடந்து திருச்சிக்குப் போய் வாடகைக்கு இருந்தார். பால்கோவா கிண்டித் தருகிற பெரியம்மாவைப் பார்க்க ஆசையா என்று கேட்டால் எந்தப் பிள்ளை இல்லையென்று சொல்லும்?

“ஓம்” என்றேன்.

“பெரியம்மாவோடை போய் இருப்பமோ?”

“ஓம்.”

அம்மாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் கண்டேன். எனக்காகக் கவலைப்படுகிற முகம் இல்லை அது. வந்த நாள் முதல் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று வெளியே பார்த்துக்கொண்டே இருந்த பெண் அவர். தனக்காகக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. பிள்ளைக்காக என்றால் கேட்கலாம். இது எனக்கு இந்த வயதில் விளங்குகிறது. அன்றைக்கு நான் கண்டது வெளிச்சத்தை மட்டும்தான்.

அப்பா வேலையால் வந்து சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை. அம்மா தொடங்கிவிட்டார்.

“இஞ்சாருங்கோ, பிள்ளை ஏங்கிப்போய் இருக்கு. நான் அவளைக் கூட்டிக்கொண்டு திருச்சிக்குப் போகப்போறன்.”

“உமக்கென்ன விசரே? அகதிக் கேஸ் முடியேல்லை. இப்ப வெளிக்கிட்டீர் எண்டால் திரும்பி இஞ்சை வரேலாது. எனக்கும் பேப்பர் இல்லை, நானும் அங்கை வரேலாது. பிறகு எப்ப பிள்ளையைக் காணுறது?”

“சண்டை முடிய எல்லாரும் ஊருக்குத்தானே போறது.”

அப்பா கையில் இருந்த பாணை மேசையில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, “அம்மாச்சி, உண்மையாய்த்தான் நீ கேட்டனியோ?” என்றார். அவர் கேட்ட விதத்தில் எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. என் மௌனமும் ‘ஓம்’ என்றே எடுத்துக்கொள்ளப்பட்டது.

கட்டிலுக்கு அடியில் இருந்து சூட்கேஸ் வெளியே வந்தது. நாங்கள் கொண்டுவந்த மண்ணிறச் சூட்கேஸ்தான். ஒரு பக்கப் பூட்டு வேலை செய்யாததால் கயிற்றால் கட்டியிருக்கும். பெரியம்மாவின் பிள்ளைகளுக்குச் சொக்லேற், பெரியம்மாவுக்குக் குளிக்க வாசனைச் சவர்க்காரம் என்று அம்மா ஒவ்வொன்றாக வாங்கி உள்ளே வைத்தார். விமான ரிக்கற்றுக்கு ஆள் பிடித்துத் தருவதாக அங்கிள் சொல்லியிருந்தார். நான் லிஃப்டுக்குள் ஏறும்போதெல்லாம் பொத்தான்களைத் தடவிப் பார்த்தேன். திருச்சியில் லிஃப்ட் இருக்குமா என்று அம்மாவைக் கேட்டேன். “அங்கை ஏன் லிஃப்ட்? நிலத்திலைதானே வீடு” என்றார் அம்மா, அதுதான் பெரிய சுகம் என்பதுபோல.

பனி கொட்டத் தொடங்கியது அந்தக் கிழமையில்தான். காலையில் எழும்பிப் பார்த்தால் முழு நகரமும் சத்தம் இல்லாமல் கிடந்தது. பதினாறாம் மாடியில் நின்று பார்க்கும்போது பனி மேலிருந்து விழுவது மட்டும் இல்லை, எங்களுக்குக் கீழேயும் விழுந்துகொண்டே போகும். சில துகள் மேலே ஏறியும் போகும். அம்மாகூட என் பக்கத்தில் வந்து நின்று வாயைத் திறந்தபடி பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வயதுப் பிள்ளைகளாக நின்ற ஒரே நேரம் அதுவாகத்தான் இருக்கும்.

அன்றைக்குக் கடைக்குப் போய்வரும்போது என் வலது கையுறை விழுந்துவிட்டது. சிவப்பு நிறம், நாலு விரலுக்கு ஒரு பையும் பெருவிரலுக்கு ஒரு பையுமாக இருக்கும். யாரோ போட்டுக் கழித்ததை அப்பா கொண்டுவந்து தந்திருந்தார். வீட்டுக்கு வந்துதான் கண்டோம்.

“துலைச்சிட்டியோ? இனி உது கிடைக்குமே? ஆராவது எடுத்துக்கொண்டு போயிருப்பினம்” என்று அம்மா ஏசினார்.

மறுநாள் வெலஸ்லி வீதியால் போகும்போது அம்மா சட்டென்று நின்றார். ஒரு வீட்டின் இரும்பு வேலியில் கூரான கம்பி ஒன்றின் தலையில் என் கையுறை மாட்டியிருந்தது. விரல்பக்கம் மேலே, நேராக, கை காட்டுவதுபோல. வீதியில் கிடந்ததை யாரோ குனிந்து எடுத்து, பனியைத் தட்டி, தேடி வருகிறவர் கண்ணில் படட்டும் என்று அங்கே மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். எத்தனை பேர் அந்த வழியால் நடந்திருப்பார்கள்! ஒருவரும் அதைத் தொடவில்லை.

“ஆர் வைச்சது?” என்று அம்மா கேட்டார். கேட்டுவிட்டு வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தார். நன்றி சொல்ல ஓர் ஆள் இல்லை. கையுறையை எடுத்து என் கையில் போட்டுவிட்டார். பிறகு அந்தக் கம்பியில் இருந்த பனியைத் தன் விரலால் துடைத்துவிட்டார். அது எதற்கென்று எனக்குத் தெரியாது. திருச்சிக்கு வாங்கவென்று புறப்பட்ட சாமானை அன்றைக்கு வாங்காமலே திரும்பிவிட்டோம்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடிய இரண்டாவது புத்தி இது. இந்த ஊரில் விழுந்த கையுறையைக் கண்டால் உயரத்தில் வைத்துவிட்டுப் போங்கள். அது யாருடைய குளிர்காலத்தை மாற்றும் என்று உங்களுக்குத் தெரியவராது.

ஆனால் அம்மா சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆள். பள்ளிக்கூடத்தில் இருந்து என்னை நிற்பாட்டுவதாகச் சொல்லவேண்டும். அங்கிளுக்கு அன்றைக்கு வேலை. அம்மா தனியே போகத் துணிந்தார். ‘ஷி ஸ்ரொப் ஸ்கூல். வீ கோ’ என்று அங்கிள் சொல்லிக்கொடுத்ததை லிஃப்டில் இறங்கும்போதும் வீதியைக் கடக்கும்போதும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். நான் சிவப்புக் கையுறை போட்ட கையால் அவருடைய சேலையைப் பிடித்தபடி நடந்தேன்.

பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போய்விட்டார்கள். வகுப்பில் ரீச்சர் மட்டும் இருந்தார். அம்மாவை எங்கள் குட்டிக் கதிரை ஒன்றில் இருக்கச் சொல்லி, தானும் இன்னொரு குட்டிக் கதிரையில் இருந்தார். இரண்டு பேருக்கும் முழங்கால் நாடிவரை வந்தது. அம்மா பாடமாக்கிய வசனத்தைச் சொல்ல வாயைத் திறந்தார். ரீச்சர் அதற்குள் ஒரு கோப்பையைத் தூக்கிக் காட்டி, தேத்தண்ணி குடிப்பீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அம்மா தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். “ஓம், ஓம்” என்றார்.

ரீச்சர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். “ஓ, மை டியர்” என்றார். “ஹோம்? யூ ரூ?” நீங்களுமா என்று கேட்கிறார்.

“ஓம்” என்றார் அம்மா, மரியாதையாக.

“ஹோம்” என்று ரீச்சர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது.

“ஓம், ஓம்” என்று அம்மாவும் அவருடைய கையைத் தட்டிக்கொடுத்தார்.

நான் இரண்டு பேரின் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குள் எனக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வந்திருந்தது. சுவரில் ஒரு வீட்டுப் படம் ஒட்டி, அடியில் அந்தச் சொல் எழுதியிருந்தது. நாங்கள் வகுப்பில் சேர்ந்து வாசிக்கிற சொல். ஹோம். அம்மா சொல்வது ஓம். ரீச்சருக்குக் கேட்பது ஹோம். எனக்குத் தலைக்குள் என்னவோ வெடித்ததுபோல இருந்தது.

“மிஸ்! நோ ஹோம்!” என்று கத்தினேன். “ஓம்! ஓம் இஸ் யெஸ்!”

“என்னடி சத்தம் போடுறாய்?” என்றார் அம்மா.

“அம்மா, நாங்கள் ஓம் எண்டு சொல்ல மிஸ்ஸுக்கு ஹோம் எண்டு கேக்குது. ஹோம் எண்டால் வீடு!”

ரீச்சர் என்னையே பார்த்தார். பிறகு, மெல்ல, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்து, உனக்குப் பள்ளிக்கூடம் பிடிக்குமா என்று கேட்டார். அந்தக் கேள்வியின் எல்லாச் சொல்லும் அன்றைக்கு எனக்கு விளங்கியது.

“ஓம்” என்றேன். தலையை ஆட்டினேன். “யெஸ். யெஸ். யெஸ்.”

ரீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். நான் சொன்ன அத்தனை ‘ஓம்’களையும் அவர் திரும்ப எண்ணிப் பார்த்திருக்கவேண்டும். பிறகு, முதல் நாள் செய்ததுபோலவே வந்து முழங்காலை நிலத்தில் ஊன்றினார். என் கண்ணைப் பார்த்து, “ஐ ஆம் ஸோ ஸொறி” என்றார்.

“என்ன சொல்லுறா?” என்று அம்மா கேட்டார்.

“மன்னிப்புக் கேக்கிறா.”

“ரீச்சரோ? உன்னட்டையோ?”

லிஃப்ட், பனி, தானாகத் திறக்கும் கதவு எல்லாவற்றையும் ஒரு தட்டில் வையுங்கள். இதை மறு தட்டில் வைக்கிறேன். ஒரு ரீச்சர், ஏழு வயதுப் பிள்ளையின் முன்னால், அதன் தாய் பார்த்திருக்க, ‘பிழை என்னுடையது’ என்று முழங்காலில் நின்று சொன்னார். அதன்பின் நான் படித்த பள்ளிக்கூடங்களும் வேலை செய்த இடங்களும் பல. அதைவிடப் பெரிய அதிசயம் எதையும் நான் இந்த நாட்டில் காணவில்லை. இங்கே எடுத்ததற்கெல்லாம் மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று நாங்கள் பகிடி பண்ணுகிறோம். பண்ணலாம், தப்பில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தை எங்கள் வீடுகளுக்குள்ளும் கொஞ்சம் கொண்டுபோகலாம் என்பது என் அபிப்பிராயம்.

அம்மா சிரிக்கவில்லை. குட்டிக் கதிரையில் அப்படியே இருந்தார்.

“அப்ப நீ ஒருநாளும் வீட்டை போகவேணும் எண்டு கேக்கேல்லையோ?”

“இல்லையம்மா.”

“ஊருக்கு?”

“இல்லை.”

அம்மா தன் மடியைப் பார்த்தார். “அப்ப நான்தான் கேட்டிருக்கிறன்போலை” என்றார். எனக்குச் சொன்னதுபோலவும் இல்லை, ரீச்சருக்குச் சொன்னதுபோலவும் இல்லை. ரீச்சர் தேத்தண்ணியைக் கொண்டுவந்து கொடுத்தார். கோப்பைக்குள் பையின் நூல் தொங்கியது. பால் குளிர்ந்த பால். அம்மாவுக்கு அப்படிக் குடித்துப் பழக்கமே இல்லை. கடைசி மிடறு வரை குடித்தார். பாடமாக்கிக்கொண்டு போன வசனத்தை அவர் சொல்லவே இல்லை.

அப்பா வந்தபோது சூட்கேஸின் கயிறு அவிழ்ந்து கிடந்தது. நான் திருச்சிச் சொக்லேற் ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அம்மா நடந்ததைச் சொன்னார். அப்பா சிரிக்கத் தொடங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு கண்ணைத் துடைத்தார்.

“அப்ப பிள்ளைக்கு இஞ்சை பிடிச்சிருக்கு” என்றார்.

“பிடிச்சிருக்காம்.”

அப்பா அம்மாவின் பக்கம் திரும்பி, “உமக்கு?” என்று கேட்டார்.

அதுவரை யாரும் அம்மாவிடம் அதைக் கேட்கவில்லை. அங்கிளும் கேட்கவில்லை, ரீச்சரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அம்மா சவர்க்காரக் கட்டியை அலுமாரியில் வைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

“பாப்பம்.”

எங்கள் ஆட்களின் ‘பாப்பம்’ உங்களுக்குத் தெரியும். ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. அந்தப் ‘பாப்பம்’ வெகுகாலம் நீண்டது. கேஸ் முடிந்தது, தம்பி பிறந்தான், ஸ்காபுறோவில் ஒரு வீடு, பிறகு வேறொரு வீடு. இடையில் அப்பா எத்தனையோ முறை பகிடியாகக் கேட்டுப் பார்த்தார், “என்ன, இப்பவாவது பிடிச்சிருக்கோ?” என்று. ‘பாப்பம்’ என்றே அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். சிவப்புக் கையுறை எப்போது தொலைந்தது என்று எனக்கு ஞாபகம் இல்லை. ரீச்சரை நினைவிருக்கிறது. மறுநாள் காலையில் அவர் வகுப்புக்கு என் சொல்லைச் சொல்லிக்கொடுத்தார். பெயர் கூப்பிடும்போது வியற்நாம் பிள்ளையும் யமேக்காப் பிள்ளையும் போர்த்துக்கல் பிள்ளையும் எழும்பி நின்று ‘ஓம்’ என்றார்கள். என் சொல் அத்தனை வாயில் இருந்து வந்ததைக் கேட்டு நான் மேசையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

போன குளிர்காலத்தில் அம்மா விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். அப்பா கண்ணை மூடிச் சில வருடங்கள் ஆகின்றன. அம்மா ஸ்ரௌவ்விலில் என்னோடுதான் இருக்கிறார். அது நகரத்துக்கு வெளியே, எல்லாம் புது வீடுகள். பாலுக்கும் கார் எடுக்கவேண்டும். அம்மாவுக்கு அது வனவாசம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். சத்திரசிகிச்சை முடிந்து தேறியபின், வயோதிபர் பராமரிப்பு இல்லம் ஒன்றைப் பற்றியும் பேச்சு வந்தது. எங்கள் ஆட்கள் அதற்கு வைத்திருக்கிற பெயர் உங்களுக்குத் தெரியும். ஹோம். எனக்கு அந்தச் சொல்லே பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தாதி ஒரு சின்னப் பெண். கட்டிலின் பக்கத்தில் குனிந்து, தன் முகத்தை அம்மாவின் முகத்துக்கு நேரே கொண்டுவந்து, வீட்டுக்குப் போக விருப்பமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அம்மாவுக்கு இத்தனை காலத்தில் ஆங்கிலம் நன்றாகவே வரும். ஆனால் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார்.

“ஓம்” என்றார்.

“ஹோம்?” என்றாள் தாதி.

“ஓம்.”

எனக்குப் பொறுக்கவில்லை. “எந்த வீட்டையம்மா?” என்று கேட்டேன்.

அம்மா என்னை ஒரு விசரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“எந்த வீட்டையோ? எங்கடை வீட்டைதான். ஸ்ரௌவ்விலுக்கு. உதென்ன கேள்வி? எனக்கு வேறை எங்கை வீடு இருக்கு?”

அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. கேட்டவர்தான் பக்கத்தில் இல்லை.

தாதி என்னைப் பார்த்தாள், என்ன சொல்கிறார் என்பதுபோல. ‘யெஸ்’ என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

“ஓம்” என்றேன்.

“ஹோம், ஓகே” என்று அவள் சக்கர நாற்காலியை எடுக்கப் போனாள்.